இருவர் மட்டும், ஒரு பாய்ப்படகு: கொச்சியிலிருந்து லட்சத்தீவு, மாலத்தீவுப் பவளத்தீவுகளுக்குக் கிளம்பும் தம்பதிகளுக்கு

கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் படகில், ஒருவர் தூங்கினால் மற்றவர் தனி ஆள். நடுராத்திரி, கரை தெரியாத கடலில், மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பாயைக் குறைக்கவும், எஞ்சினைக் கிளப்பவும், எதிரே வரும் கப்பலின் விளக்கைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ‘எல்லாம் அவருக்குத் தெரியும், நான் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கிளம்பும் படகில் மாலுமி ஒருவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் படகுக்கே காய்ச்சல். ஆகவே எந்தப் படகு வாங்குவது என்ற பேச்சுக்கு முன்னால், இருவரும் தனித்தனியாகப் படகைக் கரைசேர்க்கும் அளவுக்குப் பழகுவோமா என்று பேசி முடித்துவிடுங்கள்.

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கொல்லங்கோடு, நீரோடிப் பக்கம் இருப்பவர்களுக்கும், எல்லை தாண்டித் திருவனந்தபுரம், கொச்சியில் குடியேறிய தமிழர்களுக்கும் ஒரு பெரிய வசதி உண்டு. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியின் தோப்பும்படி துறைமுகத்திலிருந்து லட்சத்தீவுக் கடலுக்கும் அதைத் தாண்டியும் தூண்டில் போடப் போகிறவர்கள். எந்த மாதம் நீரோட்டம் எப்படி இழுக்கும், மிதவை வலைகள் எங்கே கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த விவரத்தை, கிளம்பும் முன் துறைமுகத்துக்கே போய் மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் கடைசி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது இந்தக் கரையில் சின்னப் படகுக்கு வேலையே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் எவ்வளவு சீக்கிரம் வலுத்தது, பிறகு லட்சத்தீவை எப்படி அடித்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனவரியில் வாடைக்காற்று சீராகும். 10 முதல் 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வரை வடகிழக்கிலிருந்து வீசும், கடலும் அடங்கியிருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் காற்று செத்துவிடும். கூடவே கள்ளக்கடல் வரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தென் இந்தியப் பெருங்கடலில் பல நாள் முன்பு எழுந்த அலை நீண்ட பொங்கலாக வந்து கரையேறும். தெற்கே திறந்த இடத்தில் நங்கூரம் போட்டிருந்தால் படகு திடீரென ஆளை எறியும் அளவுக்கு ஆடும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானிலைத் துறையின் காற்று அறிக்கையோடு இன்காய்ஸின் அலை அறிக்கையையும் தினமும் பாருங்கள். காற்றை மட்டும் பார்த்தால் கள்ளக்கடல் தெரியாது.

முதலில் கற்க வேண்டியவை

சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சின்ன டிங்கிப் படகில் ஆரம்பியுங்கள். டிங்கி கவிழும், நனைக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அது கழுத்துக்குக் கற்றுக்கொடுக்கும். நேராகப் பெரிய படகில் ஏறியவர்களுக்கு அந்த உணர்வு வர வெகுநாள் ஆகிறது. பிறகு அனுபவமுள்ளவரோடு ஒரு சீசன் கரையோரப் பயணம். கடற்படையின் தில்னாவும் ரூபாவும், ஒருவர் கோழிக்கோடு, ஒருவர் புதுச்சேரி, இரண்டே பேராகத் தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருந்தது.

கீழே உள்ள வேலைகளை ஒவ்வொருவரும், மற்றவர் கைகட்டி உட்கார்ந்திருக்க, தனியாகச் செய்து காட்ட வேண்டும்: இருட்டில் பெரிய பாயை ஒரு மடிப்புக் குறைப்பது; நங்கூரம் போட்டு எடுப்பது; எஞ்சினைக் கிளப்பிப் படகைத் துறையில் அணைப்பது; வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சானலில் ‘மே டே’ என்ற ஆபத்து அழைப்பை இடம், படகின் பெயர், ஆபத்து, ஆட்கள் எத்தனை என்ற விவரத்தோடு சொல்வது. கடலில் விழுந்தவரைத் தூக்குவது.

கடைசியாகச் சொன்னதில்தான் தம்பதிகள் ஏமாறுகிறார்கள். விழுந்த இடத்துக்குப் படகைத் திருப்பிக் கொண்டுவருவதைப் பழகுவார்கள், மேலே ஏற்றுவதைப் பழக மாட்டார்கள். நனைந்த உடையோடு 75 கிலோ ஆளை, ஒரு மீட்டர் உயரமுள்ள படகுப் பக்கத்தின் மேல், 55 கிலோ ஆள் வெறுங்கையால் இழுக்கவே முடியாது. பாய் ஏற்றும் கயிற்றின் நுனியில் நான்கு சுற்றுக் கப்பி ஒன்றை மாட்டி, அதை விழுந்தவரின் லைஃப் ஜாக்கெட் வளையத்தில் கொக்கி போட்டு, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றி ஏற்ற வேண்டும். துறைமுகத்தில் தண்ணீர் அசையாமல் இருக்கும் நாளில் இறங்கிச் செய்து பாருங்கள். எந்தக் கப்பி, எந்தக் கொக்கி, எங்கே தொங்குகிறது என்பது இருட்டில் கைக்குத் தெரிய வேண்டும். இன்னொரு விதி: இரவில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் சுக்கான் இருக்கும் காக்பிட்டை விட்டு, படகின் முன்முனையான அணியத்துக்குப் போகக் கூடாது. போகத்தான் வேண்டும் என்றால் தூங்குபவரை எழுப்புங்கள். இதில் பரிதாபம் பார்க்கக் கூடாது.

படகு

10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு இருவருக்குப் போதும். அதைவிடப் பெரிதானால் பாயின் கனம் ஒரு ஆள் கைக்கு அடங்காது. தண்ணீருக்குக் கீழே 1.8 மீட்டருக்கு மேல் இறங்காததாகப் பாருங்கள். பவளப்பார் சூழ்ந்த ஆழமில்லாத லகூன்களில் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் மதிப்புண்டு. பழைய படகில் முதலில் பார்க்க வேண்டியது பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிகள். பத்து வருடம் தாண்டியிருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் மாற்றச் செலவு உண்டு என்றே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் துரு கம்பியின் முனை அழுத்தப்பட்ட குழலுக்குள்ளேதான் தொடங்கும், வெளியே தெரியாது. வெளிநாட்டில் வாங்குவதானால் சுங்க வரிக் கணக்கை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

படகின் அடியில் உள்ள ஒவ்வொரு துவாரத்தின் வால்வுக்கும் பக்கத்தில் அதே அளவு மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் பிய்ந்தால் தேட நேரம் இருக்காது.

மின்சாரமும் தண்ணீரும்

நங்கூரத்தில் நிற்கும் நாளில் 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு 60 ஆம்பியர்-மணி மின்சாரம், ஃபேன், விளக்கு, போன், கருவிகளுக்கு இன்னொரு 50. பயணத்தில் இருக்கும் நாளில் தானே சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் மட்டும் 70, 80 தின்னும். மொத்தம் 190-ஐத் தொடும். 600 வாட் சோலார் நல்ல வெயிலில் 170 அளவு தரும். ஆனால் பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் பாய்த்தடியின் நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடும். நங்கூரத்தில் நிற்கும்போது தடியை ஒரு பக்கமாகக் கயிறு கட்டி ஒதுக்கினால் அந்த நஷ்டம் இல்லை. லித்தியம் பேட்டரி என்றால் 200 ஆம்பியர்-மணி போதும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 400 வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். வீட்டு ஒயரிங் கம்பி வேண்டாம், டின் பூசிய செம்புக் கம்பி போடுங்கள். உப்புக் காற்றில் வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்து உதிர்ந்துவிடும்.

தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்தால் இருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் போதும்: குடிக்க 6, சமைக்க 2, உப்பு போக மேலுக்கு ஊற்ற 2. பாத்திரம் கழுவுவது கடல்நீரில். அதற்குத் தனியாக ஒரு கால் பம்பு வையுங்கள். 300 லிட்டர் டாங்க் ஒரு மாதம் ஓடும். கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் வைப்பவர்கள் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. எண்ணெய் மிதக்கும் துறைமுகத் தண்ணீரில் அதை ஓட்டினால் உள்ளிருக்கும் சவ்வு கெட்டுவிடும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரால் அலசினாலும் அதே கதி. கரி ஃபில்டர் வழியாகத்தான் அலச வேண்டும். எந்திரம் இருந்தாலும் தனி கேன்களில் 40 லிட்டர் கட்டி வையுங்கள்.

அடுப்பு, சாப்பாடு

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி, ஒரு சுவிட்ச் பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி கேபினுக்குள் திறக்காததாக, அடியில் கடலைப் பார்த்து ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சமையலுக்கும் பிறகு சிலிண்டர் வாயிலேயே மூடுங்கள்.

சாமான் வாங்கும்போது அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக் கூடாது, கரப்பான் முட்டை அதில்தான் வரும். ஏத்தன்குலையை (நேந்திரன் வாழை) கடல்நீரில் முக்கி எடுத்துப் பின்புறம் தொங்கவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் பழுக்காமலிருக்க வேறுவேறு பருவத்தில் இரண்டு சீப்பு வாங்குங்கள். பச்சை மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும், அவித்துக் காயவைத்ததை வாங்கினால் மாதக்கணக்கில் நிற்கும். கழுவாத, ஃபிரிட்ஜில் வைக்காத முட்டையாகக் கேட்டு வாங்கி, தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் மூன்று வாரம் வரும். மட்டை அரிசி, அவல், புளி, வத்தல், சின்ன உள்ளி, நல்லமிளகு. மாசி இந்தத் தீவுகளின் சரக்குதான்; சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைத்தது. தேங்காய், உள்ளி, வத்தலோடு இடித்தால் அலை அடிக்கும் நாளிலும் சோற்றுக்குத் துணை. குக்கர் அவசியம், மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் கொதிநீர் மேலே கொட்டாது.

காகிதங்கள்

லட்சத்தீவுக்கு இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். கொச்சி வில்லிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. சொந்தப் படகில் வருவதாகச் சொல்லி, எந்தத் தீவு, எந்தத் தேதி என்று முன்னமே எழுத்தில் கேளுங்கள். மாலத்தீவுக்குப் போனால் கொச்சியில் குடிவரவு, சுங்கம், துறைமுகம் மூன்றிலும் முத்திரை. வடகோடியில் உள்ள உலிகமு தீவில் ஏஜென்ட் மூலம் நுழைவு. மாலத்தீவில் மதுவும் பன்றி இறைச்சியும் இறக்குமதித் தடை உள்ளவை, படகில் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாட்டிலைட் போன் விஷயத்தில் மிகக் கவனம்: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் துராயாவோ இரிடியமோ வைத்திருப்பது குற்றம். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

முதல் நீண்ட ஓட்டம்

கொச்சியிலிருந்து உலிகமு சுமார் 260 கடல்மைல், தென்மேற்குத் திசை. பவளப்பாருக்குள் வெயில் ஏறிய பிறகுதான் நுழைய முடியும் என்பதால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 5 நாட் வேகத்தில் 52 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மூன்றாம் நாள் காலை 10 மணிக்குச் சேரும். காற்று நன்றாக இருந்து 6 நாட் ஓடினால் நடுராத்திரி 1 மணிக்கே பாரின் வாசலில் நிற்பீர்கள். அப்போது உள்ளே போகும் ஆசையே கூடாது. 10 மைல் வெளியே பாயைக் குறைத்துப் படகை நிறுத்தி விடிய விடுங்கள். இந்த ஒரு பொறுமை இல்லாமல் பாரில் ஏறிய படகுகள் உலகமெங்கும் உண்டு.

இந்த மாதங்களில் நீரோட்டம் மேற்கே இழுக்கும். ஒரு நாட் என்றாலும் 52 மணி நேரத்தில் 50 மைல் ஒதுக்கிவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே இலக்குக்குக் கொஞ்சம் கிழக்கே பிடித்துப் போங்கள். கடைசியில் நீரோட்டத்தை எதிர்த்துக் கிழக்கே ஏறுவது பெரும்பாடு. வாடைக்காற்று பின்னாலிருந்து வருவதால் பெரிய பாயின் தடியை முன்பக்கமாகக் கயிறு போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு அலைத் தூக்கலில் தடி எதிர்ப்பக்கம் பாய்ந்து தலையை உடைக்கும். 15 நாட் தாண்டினால் முதல் மடிப்பு; ‘குறைக்கலாமா’ என்று ஒருவருக்குத் தோன்றினாலே குறைத்துவிட வேண்டும், மற்றவர் வாதாடக் கூடாது.

கரையிலிருந்து முதல் 50 மைல் வலைகளின் காடு. மீன்பிடிப் படகு இரவில் வெள்ளை விளக்குக்கு மேல் சிவப்பு, இழுவலைப் படகானால் வெள்ளைக்கு மேல் பச்சை காட்ட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் மின்னும் எல்.இ.டி. எல்லா நிறத்திலும் தெரியும், கப்பல்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் திரையில் பல படகுகள் தெரியவே தெரியாது. மீன் பிடிக்கும் படகுக்குப் பாய்ப்படகுதான் வழிவிட வேண்டும். வலை புரொப்பெல்லரில் சிக்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முன்னும் பின்னும் முறுக்கினால் கியர்பாக்ஸ் போகும். பாயில் ஓடி, விடிந்ததும், அலை அனுமதித்தால், இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் கத்தியோடு இறங்கலாம். அறுத்த வலை ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்பதால் பகலிலேயே அந்தப் பகுதியைக் கடக்கத்தான் காலை 6 மணிக்குக் கிளம்பச் சொல்வது.

அதைத் தாண்டினால் கப்பல்கள். லட்சத்தீவின் தென்கோடித் தீவான மினிக்காய்க்கு வடக்கே ஒன்பது டிகிரி கால்வாய், தெற்கே எட்டு டிகிரி கால்வாய், இரண்டின் வழியாகவும் பெருங்கப்பல்கள் ஓடுகின்றன. 2025 மே மாதம் முறைப்படி திறந்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் கப்பல்களும் சேர்ந்துகொண்டன. 20 நாட் கப்பல் அடிவானத்தில் தெரிந்து 20 நிமிடத்துக்குள் உங்களிடம் வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு டைமர் வைத்து, எழுந்து நின்று முழு வட்டமும் பாருங்கள். காவல் முறை இரவில் மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி. வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முந்தைய இரவே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு வயிறு அதை வைத்திருக்காது.

பாருக்குள் நுழைவது

சூரியன் உச்சிக்கு அருகிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். காலை 10 முதல் பிற்பகல் 3 வரை. ஒருவர் அணியத்தில் போலராய்டு கண்ணாடியோடு, மற்றவர் சுக்கானில், வேகம் 3 நாட்டுக்கு மிகாமல். கத்தாதீர்கள். எஞ்சின் சத்தத்தில் ‘வலது’ என்பது ‘விடாதே’ என்று கேட்கும். கை நீட்டினால் அந்தப் பக்கம், முஷ்டி உயர்த்தினால் நிறுத்து என்று முன்பே பேசி வையுங்கள். கருநீலம் ஆழம். பச்சைகலந்த நீலம் 3 முதல் 6 மீட்டர் மணல். வெளுத்த பச்சை 2 மீட்டருக்கும் குறைவு, உங்களுக்கு ஆகாது. பழுப்பும் மஞ்சளும் பவளம், கையெட்டும் உயரத்தில். கரும்புள்ளியாகத் தெரிவது கடற்புல்லாகவும் இருக்கலாம். பவளம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் சூரியனை மறைத்தால் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும், அப்படியே நின்றுவிடுங்கள். மின் வரைபடம் இந்தத் தீவுகளில் இடத்தைத் தள்ளிக் காட்டுவது சகஜம், செயற்கைக்கோள் படத்தையும் போனில் இறக்கி வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

நங்கூரம்

12 மீட்டர் படகுக்கு 25 கிலோ நங்கூரம், 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டர், அதற்குப் பின் நைலான் கயிறு 40 மீட்டர். பவளத்தின் மேல் வெறும் கயிறு ஒரே இரவில் அறுந்துவிடும் என்பதால் சங்கிலியில் கஞ்சத்தனம் கூடாது.

1. மணல் திட்டைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள். பவளத்தில் நங்கூரம் போட்டால் வருடக்கணக்கில் வளர்ந்தது ஒரு நிமிடத்தில் நொறுங்கும். இந்தியாவில் பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது.

2. தண்ணீர் ஆழம் 6 மீட்டர், அணியத்தின் உயரம் 1.2, ஏற்றநீர் 0.8 என்றால் மொத்தம் 8. அதைப்போல் ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி. காற்று ஏறினால் ஏழு மடங்கு.

3. காற்றைப் பார்த்து நின்று, படகு முழுக்க நின்றதும் இறக்குங்கள். பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் அது நங்கூரத்தையே சுற்றிக்கொள்ளும்.

4. எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஏற்றுங்கள். கரையில் ஒரு தென்னையும் அதன் பின்னே ஒரு கட்டடமும் ஒரே கோட்டில் நின்றால் பிடித்துவிட்டது. சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது, எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

5. சங்கிலியில் 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு 7 மீட்டர் கட்டி, பாரத்தை அதன் மேல் மாற்றுங்கள். இல்லையேல் ஒவ்வொரு வெட்டும் சங்கிலியை இழுக்கும் எந்திரமான விண்ட்லஸின் பல்லில் விழும்.

6. கண்ணாடி மாட்டி நீந்திப் போய் நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பவள மேடுகள் பக்கத்தில் இருந்தால் சங்கிலியில் 10 மீட்டர் தள்ளித் தள்ளி மிதவை கட்டித் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள்.

நடுராத்திரியில் சுழல்மழை வந்து காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் படகு 50 மீட்டர் ஆரத்தில் சுற்றும். பகலில் பாதுகாப்பாகத் தெரிந்த இடம் அப்போது பாரின் விளிம்பாகிவிடலாம். வட்டம் முழுவதையும் நங்கூரம் போடும் முன்பே மனதில் வரைந்து பார்த்து, போனில் நங்கூர அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். வெளியேறும் பாதையை நுழைந்தபோதே ஜி.பி.எஸ்ஸில் பதிந்து வைத்திருந்தால் இருட்டிலும் அதே கோட்டில் திரும்பலாம்.

பவளம் கீறினால் அன்றே நன்னீரால் தேய்த்துக் கழுவித் துணுக்குகளை எடுங்கள், வெப்பத்தில் அது வேகமாகச் சீழ் வைக்கும். கல்மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவு, வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் அமுக்கி வையுங்கள். விஷம் சூட்டில்தான் அடங்கும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

திரும்புதல்

மார்ச் கடைசியில் காற்று வடமேற்குக்கு மாறத் தொடங்கும், அதுதான் திரும்பும் நேரம். காற்றே இல்லாமல் முழுத் தூரமும் எஞ்சினில் வர 52 மணி நேரம், மணிக்கு 2.5 லிட்டர் வீதம் 130 லிட்டர் டீசல். மூன்றில் ஒரு பங்கு கூட்டி 175 லிட்டர் வையுங்கள். தீவில் டிரம்மிலிருந்து பிடிக்கும் டீசலில் தண்ணீரும் அழுக்கும் இருக்கும். வடிகட்டும் புனல் வழியாக ஊற்றுங்கள், ஃபில்டர் ஆறு, கடல்நீர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் மூன்று, பெல்ட் இரண்டு கையில் இருக்கட்டும். எஞ்சின் சூடேறினால் பத்தில் எட்டு தடவை கடல்நீர் வடிகட்டியில் பிளாஸ்டிக் பையோ, பல் உடைந்த இம்பெல்லரோதான் காரணம். இம்பெல்லரை மாற்ற இருவருக்கும் தெரிய வேண்டும். உடைந்த பற்கள் எல்லாவற்றையும் எண்ணி வெளியே எடுங்கள், ஒன்று குழாயில் தங்கினாலும் மறுபடி சூடேறும்.

மே மாதத்துக்குள் படகு கொச்சி போல்காட்டி மரினாவிலோ வேறு பாதுகாப்பான துறையிலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். பாய்களைக் கழற்றி நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே வையுங்கள். மழைக்காலத்தில் மடித்த ஈரப்பாய் ஒரு மாதத்தில் பூசணம் பூக்கும். அலமாரிகளைத் திறந்து வையுங்கள், மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். அடித்துவார வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, எஞ்சின் கடல்நீர் வால்வை மூடியதும் எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். யார் கிளப்ப வந்தாலும் வால்வைத் திறக்காமல் சாவி கைக்கு வராது.